உறைவிடம் யாருக்கு? சென்னைக் கலைஞர்களின் அயல்நாட்டுப் பயணங்களும் சாதியும்

கலை, எழுத்து, சினிமா என்று இயங்கும் நம் தோழர்கள் மத்தியில் சில ஆண்டுகளாக அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் ‘ரெசிடென்சி’. தமிழில் கலைஞர் உறைவிடம் எனலாம். ஒரு கலைஞரை அல்லது எழுத்தாளரை வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகமோ அறக்கட்டளையோ அழைக்கும். தங்க அறை தரும். சாப்பாட்டுக்குப் பணம் தரும். சில வாரங்களோ சில மாதங்களோ அங்கே இருந்து புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டும். பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. கொடுக்கப்படுவது நேரமும் இடமும்தான்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நேரமும் இடமும்தான் இந்த நாட்டில் சாதியால் பங்கு போடப்பட்டவை. யாருக்கு ஓய்வு, யாருக்கு உழைப்பு என்பதையும், யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதையும் சாதியே முடிவு செய்து வந்திருக்கிறது. அதனால் ஒரு கலைஞருக்கு யார் அறை கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்ற கேள்விகளை நாம் வரலாற்றுக் கேள்விகளாகவே கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சென்னையின் மூன்று பகுதிகளிலிருந்து புறப்பட்ட பயணங்களைப் பார்ப்போம்: அடையாறு, மயிலாப்பூர், தி.நகர். அவற்றின் ஓரத்தில், கூவத்தின் கரையிலும் பக்கிங்காம் கால்வாயின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்து எங்கும் போகாதவர்களையும் பார்ப்போம்.

முதலில் நம்முடைய பயணங்கள்

அயல்நாட்டுப் பயணம் என்றாலே அது மேட்டுக்குடி விஷயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது சரியல்ல. நமக்கும் ஒரு பயண வரலாறு இருக்கிறது.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குப் போனார். அடையாறு பிரம்மஞான சபையின் ஆல்காட் உடன் சென்றார். அங்கே பண்டிதர் பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அதே இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வெளிவரத் தொடங்கியது. இராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடந்தே போகலாம். அந்த மயிலாப்பூரின் பக்கத்தில், கடல் கடந்து போய்த் திரும்பிய ஒரு மனிதர் புதிய வரலாற்று எழுத்தையே உருவாக்கிக்கொண்டிருந்தார்.

இரட்டைமலை சீனிவாசன் 1900இல் இலண்டன் போகவேண்டும் என்று கிளம்பினார். இடையில் தென்னாப்பிரிக்காவில் நீண்ட காலம் தங்கி, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, பிறகு ஊர் திரும்பினார். 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தபோது அவர் கடலுக்குப் புதியவர் அல்ல.

அம்பேத்கரின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் ‘உறைவிடம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அதை மறுபடி பாருங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தங்கவும் படிக்கவும் அவருக்கு இடம் இருந்தது. 1917இல் உதவித்தொகையின் நிபந்தனைப்படி வேலை செய்யப் பரோடா திரும்பினார். ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அயல்நாட்டில் உறைவிடம், சொந்த நாட்டில் தெரு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ‘சைவம் மட்டும்’ என்று வாடகை விளம்பரம் போடுகிற வீடுகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நமக்குப் பரோடா நினைவுக்கு வருகிறது.

அடையாறு: கப்பலில் கிடைத்த ஆலோசனை

அடையாறு என்றால் பிரம்மஞான சபை. 1882இல் அங்கே தலைமையகம் வந்ததிலிருந்து உலகத்தின் பல நாட்டுக்காரர்கள் வந்து தங்கிப்போகும் இடமாக அது இருந்தது. அந்தச் சூழலில் வளர்ந்தவர் ருக்மிணி தேவி. ஜார்ஜ் அருண்டேலை 1920இல் மணந்துகொண்டவர். 1928இல் ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா இந்தியா வந்தபோது அவரது ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியப் பயணத்தில் கப்பலில் அவரோடு நெருங்கிப் பழகினார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டின் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்னது எல்லோரும் அறிந்த செய்தி.

தேடினார். எங்கே கிடைத்தது? மயிலாப்பூரில். கபாலீசுவரர் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் ருக்மிணி தேவி கற்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றார். 1935இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறினார். 1936இல் பின்னாளில் கலாக்ஷேத்ரா என்று பெயர்பெற்ற நிறுவனம் உருவானது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகியது.

கௌரி அம்மாள் 1971இல் காலமானார். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார். ஒரே கலை, கற்றுக்கொண்டவருக்கு ஒரு வளாகம், கற்றுக்கொடுத்தவருக்கு வறுமை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொட்டுக்கட்டும் முறை ஒழிந்தது நியாயம். 1927இல் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த தீர்மானமும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பிரச்சாரமும், 1947இன் சட்டமும் பெண்களின் விடுதலைக்கானவை. அந்தச் சமூகத்துப் பெண்களே முன்னின்று நடத்திய போராட்டம் அது. நம் கேள்வி வேறு. முறை ஒழிந்தபோது அந்தப் பெண்களின் கையிலிருந்த கலை யாருடைய சொத்தாயிற்று? 1932இல் மியூசிக் அகாதமி சதிருக்குப் ‘பரதநாட்டியம்’ என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியதும் ஆடுபவர்களின் சாதியும் மாறிப்போனது.

மயிலாப்பூர் தராத மரியாதையை மிடில்டவுன் தந்தது

பாலசரஸ்வதி 1918இல் சென்னையில் பிறந்தார். வீணை தனம்மாளின் பேத்தி. ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். சதிர் இழிவாகப் பேசப்பட்ட காலத்தில் வளர்ந்து, அதே ஆட்டம் ‘புனிதமான’ பிறகு ஓரம்கட்டப்பட்ட தலைமுறை. சிருங்காரத்தை நீக்கியால்தான் ஆட்டம் தூய்மையாகும் என்று மற்றவர்கள் சொன்னபோது, அதில் நீக்குவதற்கு அசிங்கம் எதுவும் இல்லை என்று நின்றவர். 1953இல் மியூசிக் அகாதமியின் ஆதரவில் அவருக்கு ஒரு பள்ளி அமைந்தது, மாணவர்கள் குறைவு. நல்ல குடும்பம் என்று தம்மை எண்ணிக்கொண்டவர்கள் பிள்ளைகளை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள்.

வெளிநாட்டுப் பயணம் அவரது குடும்பத்தில் தம்பியிடமிருந்து தொடங்குகிறது. புல்லாங்குழல் கலைஞர் தி. விசுவநாதன் 1958இல் ஃபுல்பிரைட் நல்கையில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதன் 1963இல் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உறைவிடக் கலைஞராக அமர்ந்தார். பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டு ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார்; அடுத்த ஆண்டு எடின்பரோ விழா. அதன்பின் வெஸ்லியன், மில்ஸ் கல்லூரி, கலிஃபோர்னியா கலை நிறுவனம் என்று திரும்பத் திரும்பப் போய்க் கற்பித்தார்.

இங்கே வந்து நம் இசையை முறையாகக் கற்ற அமெரிக்க மாணவர்கள் இந்த வீட்டில்தான் உருவானார்கள். விசுவநாதனின் மாணவர் ஜான் ஹிக்கின்ஸ் 1960களில் திருவையாறு ஆராதனையில் பாடி ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ ஆனார். ஓர் அமெரிக்கருக்குப் பாகவதர் பட்டம் தரச் சங்கீத உலகத்துக்குத் தயக்கம் இல்லை. அவரை உருவாக்கிய குடும்பத்தின் பெண்ணுக்கு மரியாதை தருவதில் மட்டும் எத்தனை தயக்கம்!

மத்திய சங்கீத நாடக அகாதமி 1955இலேயே அவருக்கு விருது தந்திருந்தது. சென்னையின் மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி பட்டம் தந்தது 1973இல். அதாவது அமெரிக்கா அழைத்துப் பதினொரு ஆண்டுகள் கழித்து.

பாலசரஸ்வதி இசை வேளாளர் மரபினர், தலித் அல்லர். நாம் அவரை நம்மவராக உரிமை கோரவில்லை. ஆனால் அவரது கதை நமக்கு ஒன்றைச் சொல்கிறது. சாதி பார்க்கும் ஊரில் ஒரு கலைஞருக்கு மூச்சு முட்டும்போது, சாதி தெரியாத ஊரில் கிடைக்கும் ஓர் அறை, ஒரு வகுப்பு, சில மாணவர்கள் ஒரு மரபையே காப்பாற்ற முடியும். உறைவிடம் ஆடம்பரம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மிருதங்கம் போனது, அதைச் செய்த கை போகவில்லை

ரங்கநாதன் கையில் வெஸ்லியன் போன மிருதங்கத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார்பிடித்து, சுருதிக்கு நிற்கும்படி மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களில் பலர் தஞ்சையிலிருந்து வந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். மயிலாப்பூர்ச் சந்துகளில் அவர்களது பட்டறைகள் இன்றும் உண்டு. நாதம் எப்படி இருக்க வேண்டும் என்று வித்துவான் சொல்வார். அதைத் தோலில் கொண்டுவருவது அவர்கள். நூறாண்டுகளாக மிருதங்கத்தில் நடந்த மாற்றங்கள் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. ஒரு தரப்புக்கு மட்டும் கலைஞர் என்று பெயர்.

இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ராவின் அரங்கம் முதலில் கொடுக்கப்பட்டது. பிறகு அனுமதி திரும்பப் பெறப்பட்டது. தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரியில்தான் வெளியீடு நடந்தது. கருவிக்கு மேடை உண்டு. கருவி செய்தவரைப் பற்றிய புத்தகத்துக்கு அந்த மேடை இல்லை.

ஒரு கருவி செய்பவரை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் ஆறு மாதம் அழைத்து, ‘உங்கள் விருப்பப்படி புதிய தோல் கருவி ஒன்றைச் செய்து பாருங்கள்’ என்று சொன்னால் என்ன நடக்கும்? அதைக் கற்பனை செய்யக்கூட நமக்குப் பழக்கமில்லை. அதுதான் பிரச்சினை.

யார் பணம்?

அமெரிக்காவுக்கு 1950களிலும் 60களிலும் ஆசியக் கலைஞர்கள் மேல் திடீரென அக்கறை வந்தது ஏன்? பனிப்போர். சோவியத் ஒன்றியம் ஒரு பக்கம் நூல்களையும் கலைக்குழுக்களையும் அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கா இன்னொரு பக்கம் நல்கைகளையும் அழைப்புகளையும் நீட்டியது. 1961இல் பாலசரஸ்வதி ஆடிய டோக்கியோ கிழக்கு-மேற்கு இசைச் சந்திப்பை முன்னின்று நடத்தியது ‘கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்’ என்ற அமைப்பு. அதற்குப் பின்னால் சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது சில ஆண்டுகளில் அம்பலமானது.

இதைச் சொல்வது பாலசரஸ்வதியைக் குறைக்க அல்ல. அவருக்கு அந்தப் பணத்தின் மூலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த உறைவிடமும் காற்றில் நிற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறோம். அழைப்பவருக்கு ஒரு தேவை இருக்கும். அந்தத் தேவை என்னவென்று தெரிந்துகொண்டு போவது நம் கடமை. வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. 2023இல் கவிஞர் சுகிர்தராணி, அதானி குழுமம் புரவலராக இருந்த காரணத்தால் ‘தேவி’ விருதை மறுத்தது நம் காலத்து உதாரணம்.

தி.நகர்: ஒற்றன் கொண்டுவந்தது

எழுத்தாளர்களுக்கான உறைவிடங்களில் உலக அளவில் பெயர்பெற்றது அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்துத் திட்டம். பால் எங்கிளும் ஹுவாலிங் நீயும் 1967இல் தொடங்கியது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதி 2025 வரை அதற்கு இருந்தது. தி.நகர்வாசியான அசோகமித்திரன் 1973இல் அங்கே போனார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டுவிட்டு எழுத்தையே நம்பி இருந்தவர், வசதியானவர் அல்லர்.

அந்த மாதங்களிலிருந்து பிறந்தது ‘ஒற்றன்!’. பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் குளிரிலும் தனிமையிலும் இருப்பதைப் பற்றிய நூல். திட்டம் போட்டு எழுதிய நூல் அல்ல அது. பல ஆண்டுகள் கழித்து வந்தது. உறைவிடத்தின் பலன் எப்போது, எந்த வடிவில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அதில் பலனைக் கேட்காமல் நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

பலனைக் கேட்காமல் நேரம் கொடுப்பது. நம் மக்களுக்கு அரசோ சமூகமோ எப்போதாவது இப்படிக் கொடுத்தது உண்டா? நமக்குக் கிடைத்த உதவி எல்லாம் கணக்குக் கேட்கும் உதவி. வருகைப் பதிவு, மதிப்பெண், சான்றிதழ், பயனாளிப் பட்டியல்.

ஆட அழைத்தார்கள், படைக்க அழைக்கவில்லை

நாட்டுப்புறக் கலைஞர்கள் வெளிநாடு போகவே இல்லையா என்று கேட்கலாம். போனார்கள். 1985இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவின்போது வாஷிங்டன் புல்வெளியில் ஒரு மேளாவே போட்டார்கள். பல மாநிலங்களின் நாட்டார் கலைஞர்களும் கைவினைஞர்களும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அரசுக் குழுக்களில் கரகமும் ஒயிலும் பறையும் போய்வந்துள்ளன. இன்று பல நாடுகளில் தமிழ்ப் பிள்ளைகள் பறை கற்கிறார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாவுக்கு அடி என்று ஏவப்பட்ட கருவி, நம் இயக்கங்களின் உழைப்பால் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான்.

ஆனால் அழைப்பின் தன்மையைக் கவனியுங்கள். நாட்டார் கலைஞருக்கு வருவது நிகழ்த்துவதற்கான அழைப்பு. பத்து நாள், ஐந்து மேடை, ஒரே ஆட்டம், திரும்பும் டிக்கெட். எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ‘செவ்வியல்’ கலைஞருக்கும் வருவது படைப்பதற்கான அழைப்பு. ஒருவர் மரபைக் காட்ட வேண்டும். இன்னொருவர் மரபை மாற்றலாம். ஒருவர் கூட்டத்தில் ஒருவர். இன்னொருவருக்குப் பெயர் உண்டு. பறை அடிப்பவரும் யோசிப்பார், சோதித்துப் பார்ப்பார், புதிய அடவு கட்டுவார் என்பதை இந்தப் பிரிவினை ஒப்புக்கொள்வதில்லை. உழைப்பவருக்கு மூளை இல்லை என்ற பழைய சாதிக் கணக்கு, கலைத் துறையில் இப்படித்தான் மறுபிறவி எடுத்திருக்கிறது.

மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கத்துக்கு

இதே காலத்தில் மத்திய, தென் சென்னையிலிருந்து இன்னொரு பயணமும் நடந்தது. 2000இலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகருக்கு நகரத்துக் குடிசைப் பகுதி மக்கள் அனுப்பப்பட்டார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்கள் பெரும்பாக்கத்துக்கு. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். இப்படி அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள்.

குடியிருப்பை மட்டுமா அகற்றினார்கள்? கானா பாடகருக்குச் சாவு வீடும் தெருமுனையும்தான் அரங்கம், பயிற்சிக்கூடம், பள்ளி எல்லாம். மேளம் அடிப்பவருக்கு அழைப்பு வருவது பக்கத்துத் தெருவிலிருந்து. ஊரைவிட்டு இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் வைத்தால் அந்த வலை அறுந்துபோகிறது. உறைவிடம் என்பது கலைஞருக்கு இடம் கொடுப்பது. வெளியேற்றம் என்பது கலைஞரிடமிருந்து இடத்தைப் பிடுங்குவது.

2020இல் இதே கண்ணகி நகரின் சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. மாநகராட்சி, ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஒரு பெயிண்ட் நிறுவனம் சேர்ந்து செய்த திட்டம். இந்திய ஓவியர்களோடு வெளிநாட்டு ஓவியர்களும் வந்து வரைந்தார்கள். ஓவியங்கள் அழகானவை, குடியிருப்பின் மேல் இருந்த கெட்ட பெயரைக் கொஞ்சம் துடைத்தன என்று அங்கிருக்கும் தோழர்கள் சிலரே சொல்கிறார்கள். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வெளிநாட்டு ஓவியர் கண்ணகி நகருக்கு வர வழி இருக்கிறது. கண்ணகி நகர்ப் பிள்ளை அந்த ஓவியரின் ஊருக்குப் போய் ஒரு சுவரில் வரைய வழி எங்கே?

கதவு கொஞ்சம் திறந்தபோது

2009இல் அயோவாவுக்குச் சென்னையிலிருந்து மீனா கந்தசாமி போனார். ‘தி தலித்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். சாதி எதிர்ப்புக் கவிதைகளால் அறியப்பட்டவர். 2011இல் சார்ல்ஸ் வாலஸ் நல்கையில் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தங்கினார். 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியைப் பற்றிய அவரது நாவல் 2014இல் வெளிவந்தது. மகாராஷ்டிரத்திலிருந்து ராஜ்யஸ்ரீ கூடி, தலித் உணவு, நீர், எழுத்து ஆகியவற்றை வைத்துக் கலை செய்பவர், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாதமியில் உறைவிடக் கலைஞராக இருந்தார்.

இவை கதவு அடைத்தே இருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. ஆனால் இருவரும் ஆங்கிலத்தில் இயங்குபவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் உலகப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. புத்தகம் போன காலத்தில் பாமா பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தமிழில் மட்டும் எழுதும் தலித் எழுத்தாளரின் நூல் விசா இல்லாமல் போகிறது. எழுதியவர் லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் சாதி

நாங்கள் மாலை நேரக் கல்வி மையங்களில் வேலை செய்கிறோம். எங்களிடம் வரும் இளைஞர்கள் சிலருக்கு இத்தகைய விண்ணப்பங்களை நிரப்பித் தந்திருக்கிறோம். எந்தப் படிவத்திலும் சாதி கேட்கப்படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் சாதியைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

உங்கள் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்நூறு சொல்லில் எழுதுங்கள் என்கிறது. பறையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசக்கூடிய தம்பிக்கு அந்த மொழியில் ஐந்து வரி வரவில்லை. உங்களை அறிந்த இரண்டு வல்லுநர்களின் பரிந்துரைக் கடிதம் என்கிறது. அவரை அறிந்த வல்லுநர் அவருக்கு அடி சொல்லிக்கொடுத்த மாமா. அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. முந்தைய கண்காட்சிகள், விருதுகள் என்கிறது. நூறு சாவுக்கு அடித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பயணச் செலவை முதலில் நீங்கள் செலுத்துங்கள், பிறகு திருப்பித் தருவோம் என்கிறது. வங்கியில் இருப்புக் காட்ட வேண்டும் என்று விசா கேட்கிறது. மூன்று மாதம் அவர் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு முறை ஒரு தேர்வுக் குழுவிலிருந்து ‘இது சமகாலக் கலையாகத் தெரியவில்லை, மரபுக் கலையாக இருக்கிறது’ என்று பதில் வந்தது. நேற்று இரவு அடித்த அடி, இன்று காலை கட்டிய புது அடவு. அது சமகாலம் இல்லையாம்.

அரசு வழி என்ன சொல்கிறது? 1954-55இலிருந்து பட்டியல் சாதியினருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. அது முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு மட்டும். கலைஞர் உறைவிடம் அதில் அடங்காது. 2022இல் அதையும் சுருக்கினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுகள் ஆகிய தலைப்புகளுக்கு இனி அந்த உதவித்தொகை கிடையாது என்று ஒன்றியச் சமூகநீதி அமைச்சகம் விதியை மாற்றியது. அவற்றுக்கான வளங்கள் இங்கேயே இருக்கின்றனவாம். அதாவது நாம் வெளிநாடு போய்ப் பொறியியல் படிக்கலாம், சாதியைப் பற்றிப் படிக்கக் கூடாது. 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற ஆய்வுரையை வாசித்தார். இந்த விதி அன்று இருந்திருந்தால் அந்த உரை இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, அரசிடம். தமிழ்நாடு அரசு அயல்நாட்டு உயர்கல்விக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் திட்டம் கொண்டுவந்திருப்பது வரவேற்கத்தக்கது. அதே போலப் படைப்புக்கும் ஒரு நல்கை வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கருவி செய்பவர்களுக்கும் பயணச் செலவு முன்பணமாக, வீட்டுக்கு மாதத்தொகையோடு. தமிழில் விண்ணப்பிக்கும் உரிமையோடு. 2022 விதியைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் அமைப்புகள் கைவிடக் கூடாது.

இரண்டாவது, கலை நிறுவனங்களிடம். சென்னையில் வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள் பல இருக்கின்றன. எழுத்துக்குப் பதில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிக் கதவு திறக்கும். ஊர்க் குருவின் சொல்லையும் பரிந்துரையாக ஏற்க வேண்டும்.

மூன்றாவது, நம்மிடமே. 1966இல் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கரும் இளம் ஓவியர்களும் பாத்திக் துணி செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலத்தை உருவாக்கினார்கள். யாரும் அழைக்கும்வரை காத்திருக்கவில்லை. நம் தலைமுறையிலும் அத்தகைய முயற்சிகள் இருக்கின்றன. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, நீலம் பண்பாட்டு மையம், கூகை நூலகம் ஆகியவை கலைஞர்கள் கூடி இருந்து யோசிக்க இடம் தந்தவை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அறை, ஒரு மேசை, மூன்று மாதச் சாப்பாடு என்று நம் அமைப்புகள் ஒதுக்க முடியுமா என்று பேசத் தொடங்குவோம். அம்பேத்கர் மன்றங்களின் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை!

விண்ணப்பம் போட விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். அழைப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது. உங்கள் வேலைகளைத் தேதியோடு பதிவு செய்யுங்கள், கைபேசிக் காணொளி போதும். யார் பணம் என்று விசாரியுங்கள். நுழைவுக் கட்டணம் அதிகம் கேட்கும் இடங்களிடம் கவனமாக இருங்கள். ஆங்கிலம் வரவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மொழிபெயர்த்துத் தர நாங்கள் இருக்கிறோம், நம்மில் பலர் இருக்கிறார்கள். நிராகரிப்பு வந்தால் அது உங்கள் கலைக்கான தீர்ப்பு அல்ல.

போனவர்கள் திரும்பி வரும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். அயோத்திதாசர் கொழும்பிலிருந்து திரும்பி வந்து ஒரு சங்கத்தைக் கட்டினார், ஓர் இதழைத் தொடங்கினார். அந்த வழக்கத்தைக் கைவிடாதீர்கள். அடுத்தவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள்.

ஜெய்பீம்.